முட்டுச்சந்து பீரியட்

அன்று காலை எங்கள் ஊர் டவரில் ஏதோ கோளாறு. இரண்டாவது பீரியட் பாதியில் பிள்ளைகளின் காதுச் சில்லுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. சற்று நேரத்தில் என் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஒருத்திக்குத் தலை பாரம், ஒருவனுக்கு நெஞ்சு படபடப்பு, இன்னொருவனுக்கு உள்ளங்கையெல்லாம் வேர்வை. மதிய உணவில்தான் என்னவோ கலந்துவிட்டது என்று நினைக்கலாமென்றால், மதிய உணவு இன்னும் வேகவே இல்லை. பயந்துபோய்ப் பள்ளி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதிருக்கும். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், சில்லு நின்னப்ப பிள்ளைங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க டாக்டர்."

"அதானுங்க வியாதி. கணக்கு வரல, யோசிச்சிருக்காங்க. பொறந்ததுல இருந்து இதுதான் மொதத் தடவ. என்ன ஏதுன்னு தெரியாம பயந்துட்டாங்க, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசிப்பதைக் காய்ச்சல் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் கணக்கு டீச்சர்.

என் பெயர் கனிஷ்கா. சில்லு இல்லாமல் படித்து முடித்த கடைசித் தலைமுறை. எங்கள் காலத்தில் வகுப்புக்கு நாலு கனிஷ்கா இருந்தோம். இப்போது பழைய பெயர்களுக்கு மவுசு திரும்பிவிட்டது. என் வகுப்பில் பாவாயியும் அத்தப்பனும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சில்லு மிளகளவுதான் இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்கிற அன்றே காதுக்குப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். பிள்ளையின் மூளை எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்று அதற்குத் தெரியும். முட்டிய மறுகணமே அடுத்த படியைக் காதுக்குள் சொல்லிவிடும். முழு விடையைச் சொல்லாது, ஒரே ஒரு படிதான் சொல்லும். அந்த ஒரு படியில் அரசாங்கத்துக்கு ஏகப்பட்ட பெருமை. பிள்ளைகள் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, மளமளவென்று எழுதிக்கொண்டே போவார்கள். வகுப்பில் நான் நிற்பது பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவள் நிற்பது போலத்தான்.

நான் சில்லுக்கு எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில்லு வந்த பிறகு கணக்கில் தோற்றுப் படிப்பை விட்ட பிள்ளை எங்கள் வட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை. தேர்வு முடிவு வருகிற அன்று தோட்டத்துக் கிணற்றுக்குக் காவல் இருந்த காலத்தைப் பார்த்தவள் நான். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று எந்த மடையனும் ஆசைப்பட மாட்டான். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது வேனில் பிள்ளைகள் மாத்திரை கேட்டுக்கொண்டு வந்தார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தலைமையாசிரியரைப் பிடித்துக் கெஞ்சி, மிரட்டி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை வாங்கினேன். அந்த ஒரு பீரியட் சில்லு அணைந்திருக்கும். பிள்ளைகள் அதற்கு முட்டுச்சந்து பீரியட் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் மாதம் நரகம். ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் உட்கார்ந்துவிடுவேன். நாற்பது தலைகளும் இடப்பக்கம் சாயும், காத்திருக்கும், ஒன்றும் வராது. பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் விடையைச் சொல்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். கேள்வியை உன் வாயால் திரும்பச் சொல்லிப் பார். படம் போடு. எண் பெரிதாக இருந்தால் சின்னதாக்கு. ஒன்றும் தோன்றவில்லையா, தப்பாகவாவது ஒன்றைச் செய், அது எங்கே தப்பிற்று என்று பார். இவ்வளவுதான் என் பாடத்திட்டம்.

வகுப்பில் முதல் ரேங்க் பாவாயிதான் அதிகம் தவித்தாள். இரண்டாவது வாரம் பென்சிலை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"எனக்கு மூளை நின்னு போச்சுங்களா டீச்சர்?"

"நிக்கல கண்ணு. இப்பத்தான் தானா நடக்குது. அதான் கால் வலிக்குது."

நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பென்சிலை எடுத்தாள். அன்று எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவளுடைய அப்பாவுக்கு என்னைக் கட்டிப்பிடிக்கத் தோன்றவில்லை. ரக்ஷன் தேங்காய்க் களம் வைத்திருக்கிறவர். ஒரு நாள் களத்து வேலையை அப்படியே போட்டுவிட்டு, கை முழுக்க நாரோடு பள்ளிக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், சோத்தைப் பக்கத்துல வெச்சுப்போட்டு புள்ளையப் பட்டினி போட்டுப் பழக்கறீங்களா?"

"பசின்னா என்னன்னு தெரியணும்ல அண்ணா."

"எனக்குத் தெரியுமுங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க அக்கா பன்னெண்டாவதுல கணக்குல போனப்ப எனக்கு ஆறு வயசு. கெணத்துல இருந்துதான் எடுத்தாங்க. எம்புள்ள நோட்டு மேல கவுந்து அழுகறதப் பாத்தா எனக்கு அக்கா நெனப்புத்தான் வருது. நான் சும்மா இருக்க மாட்டேனுங்க, மேல எழுதிப் போடுவேன்."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் அவர் அக்காவுக்கு முட்டி நின்றால் என்ன செய்வதென்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் என்கிற எண்ணமும் எனக்குள் ஓடியது. அதை அவரிடம் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

அவர் சொன்னபடி எழுதிப் போட்டார். சென்னையிலிருந்து பதில் வந்தது. சில்லுத் திட்டத்தின் அதிகாரி நேரில் வருவார். என் வகுப்புக்கு அவரே ஒரு கணக்குக் கொடுப்பார். பீரியட் முடிவதற்குள் சில்லு இல்லாமல் பிள்ளைகள் விடை கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டுச்சந்து பீரியட் அன்றோடு மூடப்படும், எனக்கு வேறு ஊருக்கு மாறுதல். மாறுதலுக்கு நான் பயப்படவில்லை. பாதி வழியில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதுதான் பயமாக இருந்தது.

அதிகாரியின் பெயர் நவிலன். முப்பது வயது இருக்கலாம், மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. கடைசி பெஞ்சில் புகார் கொடுத்த தகப்பன் என்கிற முறையில் ரக்ஷனும் உட்கார்ந்திருந்தார்.

நவிலன் கரும்பலகை அருகே போய் நின்றார். "எட்டுத் தேங்காய் இருக்கு. எல்லாம் ஒரே எடை. ஒண்ணு மட்டும் கொஞ்சம் லேசு. பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஒரு தராசு இருக்கு, எடைக்கல் கிடையாது. ரெண்டே தடவை நிறுத்து லேசான தேங்காயைக் கண்டுபிடிக்கணும்."

வகுப்பு கொல்லென்று சிரித்துவிட்டது. அவருக்கு ஏனென்று புரியவில்லை.

பாவாயி எழுந்தாள். "சார், ஒரே எடையில ஏழு தேங்கா எங்கீங்க கெடைக்கும்? எங்க களத்துக்கு வந்து பாருங்க. ஒரு மரத்துக் காயே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுங்க."

நவிலனின் தலை தன்னையறியாமல் இடப்பக்கம் சாய்ந்தது. அவர் காதிலும் சில்லு இருந்தது. அது ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஒரே எடைன்னு வெச்சுக்கங்களேன்," என்றார் கடைசியில்.

"வெச்சுக்கலாமுங்க," என்றாள் பாவாயி பெரிய மனசோடு. கடைசி பெஞ்சில் ரக்ஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வகுப்புக்கும் அதே கணக்கைக் கொடுத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எழுதி முடித்துப் பென்சிலை வைக்கிற சத்தம் உடனே கேட்டது. என் பிள்ளைகள் அப்போதுதான் கேள்வியைத் தங்கள் வாயால் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அத்தப்பன் முதலில் பலகைக்குப் போனான். நாலு நாலாகப் பிரித்து ஒரு தடவை நிறுத்தான். லேசான நாலை இரண்டு இரண்டாகப் பிரித்து இன்னொரு தடவை. மிச்சம் இரண்டு காய் கையில் நின்றது, தராசுதான் தீர்ந்துபோயிற்று.

"மூணு தடவ ஆகுதுங்க டீச்சர்."

"சரி. தப்பு எங்க இருக்குது, அதப் பாரு."

பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. வகுப்பு முட்டி நின்றது. ஒருத்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ஒருவன் மேசையில் எட்டு அழிப்பானை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கக் கூடாது. பீரியட் கரைந்துகொண்டே போயிற்று. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகப் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

பாவாயி திடீரென்று, "எட்டு வேண்டாம், சின்னதாக்கிக்கலாம்," என்று தனக்குத்தானே சொன்னாள். "மூணு காய் மட்டும் இருந்தா? ஒண்ணு இந்தத் தட்டுல, ஒண்ணு அந்தத் தட்டுல. ஒண்ணக் கீழயே வெச்சுப்போடறேன். தட்டு சாஞ்சா மேல போன காய் லேசு. சாயலைன்னா..."

நின்றாள். முகம் மாறியது.

"சாயலைன்னா கீழ இருக்கறதுதான் லேசு! தராசுல ஏத்தாமயே தெரிஞ்சு போச்சுங்க டீச்சர்! எல்லாத்தையும் எதுக்குங்க ஏத்தோணும்?"

அத்தப்பன் பாய்ந்து போய்ச் சாக்பீஸை எடுத்தான். மூன்று இங்கே, மூன்று அங்கே, இரண்டு கீழே. சாய்ந்தால் லேசான மூன்றில் மறுபடி அதே வித்தை. சாயாவிட்டால் கீழே இருக்கிற இரண்டையும் நிறுத்தால் தீர்ந்தது. பலகை முழுக்க வட்டமாகப் போட்டுத் தள்ளினான். வகுப்பு போட்ட கூச்சலில் சன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தோடிற்று. மணி அடித்தது. நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நவிலன் கைதட்டவில்லை. பக்கத்து வகுப்புக்குப் போனார், நானும் கூடப் போனேன். விடையைச் சரியாக எழுதிவிட்டுப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பையனை நிறுத்தி, "ஏன் மூணு மூணாப் பிரிச்சே?" என்று கேட்டார். அவன் தலையை இடப்பக்கம் சாய்த்தான். ஏன் என்கிற கேள்விக்குச் சில்லிடம் படி இல்லை. பையன் சாய்த்த தலையோடு அப்படியே நின்றான்.

தலைமையாசிரியர் அறையில் ரக்ஷனையும் என்னையும் எதிரே உட்காரவைத்து நவிலன் உண்மையைச் சொன்னார்.

"நான் உங்க பீரியடை மூட வரலை மேடம். உங்க மாதிரி ஒரு வகுப்பு எங்கேயாவது இருக்கான்னு ரொம்ப நாளா தேடிட்டிருக்கோம். சில்லு யார்கிட்ட கத்துக்கிச்சு தெரியுமா? உங்க தலைமுறைகிட்ட. நீங்க எங்க முட்டுனீங்க, என்ன தப்பு பண்ணீங்க, எப்படி வெளியே வந்தீங்க, அதெல்லாம்தான் அதுக்கு மூலதனம். அதுக்கப்புறம் யாரும் முட்டவே இல்லை. புதுசா ஒரு வழிகூட அதுக்குத் தெரியாது. போன வருஷம் பரீட்சையில புது மாதிரி ஒரு கேள்வி வெச்சோம். மாநிலம் முழுக்க எல்லாப் பிள்ளைங்களும் தப்பு."

"புதுக் கேள்வின்னா தப்பு வர்றது சகஜம்தானே சார்?"

"எல்லாரும் அதே வரியில, அதே தப்பு மேடம்."

சாய்த்த தலையோடு நின்ற அந்தப் பையன்தான் என் கண்முன் வந்தான்.

"அதனால உங்க வகுப்புக்கு எல்லாப் பாடத்துக்கும் சில்லை நிறுத்திடறோம். காதுல இருக்கும், பேசாது, கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கும். இவங்க முட்டி மோதி வெளியே வர்ற வழியெல்லாம் பதிவாகும். மத்த பிள்ளைங்களுக்கு அது போய்ச் சேரும். நீங்க கேட்டது ஒரு பீரியட், நாங்க முழு நாளும் தர்றோம்."

கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "நாப்பது பேர் திணறணும், மத்தவங்க சொகுசா இருக்கணும். அப்படித்தானே சார்?"

நவிலன் பதில் சொல்வதற்குள் ரக்ஷன் எழுந்துவிட்டார். "ஏனுங் சார், எம்புள்ள அழுகறதக் கறந்து ஊருக்கெல்லாம் ஊத்தறதுங்களா? டீச்சரு அழ வெச்சாலும் அவ கண்டுபுடிச்சுச் சிரிச்சது அவளுக்குத்தானுங்க சொந்தம்." என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் என் பக்கம் நின்றார்.

பிள்ளைகள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யச் சட்டம் இடம் தராது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளையே கேட்கலாம், அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை விஷயத்தை அப்படியே பலகையில் எழுதினேன். கணக்கு எழுதுகிற மாதிரிதான் எழுதினேன், என் கருத்து என்று ஒரு சொல் சேர்க்கவில்லை.

அத்தப்பனுக்கு இளகிய மனசு. "குடுத்துப் போடலாமுங்க டீச்சர். மத்த புள்ளைங்க பாவமுங்க."

பாவாயி யோசித்தாள். இப்போதெல்லாம் அவள் யோசிக்கும்போது தலையைச் சாய்ப்பதில்லை, நகத்தைக் கடிக்கிறாள். "கேள்வியே தப்புங்க டீச்சர். முட்டற புள்ளைங்க பத்தலைங்கறாங்க. அப்ப எல்லாருமே முட்டட்டுமே. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் வாரம் ஒரு பீரியட் சில்ல நிறுத்தச் சொல்லுங்க. அப்படின்னா நம்முளுதையும் கேட்டுக்கட்டும். இல்லைன்னா குடுக்க வேண்டாமுங்க."

கைகள் உயர்ந்தன. அத்தப்பனின் கைதான் கடைசியாக, ஆனால் உயரமாக.

வெள்ளிக்கிழமை நவிலன் வந்தார். பிள்ளைகளின் முடிவைச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் தலையாட்டினார்.

"நடக்காது மேடம். எந்தப் பெத்தவங்க ஒத்துக்குவாங்க? பாவாயியோட அப்பாவே புகார் குடுத்தவர்தானே? பிள்ளைங்களுக்கு வலிக்கும்."

பாவாயி எழுந்து நின்றாள். "உங்களுக்கு வலிச்சிருக்குதுங்களா சார்?"

நவிலன் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆறு வயசுல ஒட்டினது," என்றார் மெதுவாக. "நான் முதல் பேட்ச். எடுத்ததே இல்லை."

"அப்ப வலிக்கும்னு எப்படிங்க சொல்றீங்க? ஒருக்கா உக்காந்து பாத்துப்போட்டு அப்பறம் சொல்லுங்க. வேண்டாம்னா நாங்களும் விட்டுடறோம்."

அதிகப்பிரசங்கித்தனம் என்று அவளை அதட்டியிருக்க வேண்டியது என் கடமை. நான் அதட்டவில்லை. நாற்காலியை ஒரு பக்கம் நகர்த்தி அவருக்கு வழி விட்டேன்.

நவிலன் வெகுநேரம் பாவாயியையே பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் கையை விட்டு, ஏதோ முள்ளை எடுப்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு சில்லைப் பிய்த்து என் மேசை மேல் வைத்தார். மூன்றாவது பெஞ்சில் அத்தப்பன் நகர்ந்து இடம் விட்டான். அதிகாரியின் முழங்கால் பெஞ்சில் இடித்தது.

பாவாயி கணக்குச் சொன்னாள். அந்த வாரம் அவளே கேட்டு, மதிய உணவு வேளையில் சில்லைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்பே சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு வழி கண்ட கணக்கு. "அதே எட்டுத் தேங்காதானுங்க சார். ஒண்ணு மட்டும் வேற மாதிரி. ஆனா அது கனமா லேசான்னு தெரியாது. மூணு தடவ நிறுத்திக்கலாமுங்க."

அவர் எழுதினார், அடித்தார். மறுபடி எழுதினார். தலை இடப்பக்கம் சாய்ந்து சட்டென்று நிமிர்ந்தது. கழுத்தோரம் வேர்த்துக் காலர் நனைந்தது. தாள் கிழிகிற அளவுக்கு அவர் அடித்ததை நாற்பது பேரும் பார்த்தோம், ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தப்பனால்தான் தாங்க முடியவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பாவாயி ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பரீட்சை நடத்தியிருக்கிறேன். யாருக்காகவும் அன்றைக்கு வேண்டிக்கொண்ட மாதிரி வேண்டிக்கொண்டதில்லை.

வீட்டுக்கு விடுகிற மணி அடித்தது. மற்ற வகுப்புகள் இரைச்சலோடு காலியாயின. என் வகுப்பில் ஒரு பையும் அசையவில்லை. வாசலில் கார் ஓட்டுநர் வந்து எட்டிப் பார்த்தார். நவிலனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவர் தாளில் எட்டு வட்டம் போட்டார், அடித்தார், இன்னொரு எட்டு வட்டம் போட்டார்.

பாவாயிக்கே மனசு கேட்கவில்லை. மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், சொல்லித் தரட்டுங்களா?"

நவிலன் சட்டென்று உள்ளங்கையால் தாளை மூடிக்கொண்டார்.

"வேண்டாம்," என்றார் தலையை நிமிர்த்தாமலே. "யாரும் சொல்லிடாதீங்க."